மூன்று பொட்டுக் கல்

மலையடி செக்போஸ்ட்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
12.2.1989, ராத்திரி

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நீ சௌந்தர் அத்தானைக் கட்டிக்கொண்டதும் உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது. நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் என்ன செய்வாரோ தெரியவில்லை. அதனால் அவர் தூங்கிய பிறகு, சிம்னி விளக்கைப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இங்கே நான் சுகம். அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. நீ, சௌந்தர் அத்தான், உன் மாமியார் கிருபாபாய் அம்மா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? ராஜபாளையம் பஸ்ஸில் அரைமணி நேரம்தான். ஆனாலும் நீ வேறு தேசத்துக்குப் போய்விட்டது போல இருக்கிறது.

பதில் எழுதினால் இந்த விலாசத்துக்கு எழுதாதே. வெள்ளத்தாய் வீட்டுக்கு எழுது. ஓடைக்கரைத் தெரு, சுயம்புலிங்கம் மகள் வெள்ளத்தாய். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறாள். அவள் அம்மா சீனியம்மாவை உனக்குத் தெரியும். நம் அம்மா செத்த மாதம் தினமும் விறகுக்கு ஏறும் முன்னால் வந்து எனக்குச் சடை பின்னிவிட்டுப் போவார்களே, அவர்கள்தான்.

அப்பாவின் காட்டுக் காவல் வேலை ரொம்ப மாறிவிட்டது அக்கா. டிசம்பரில் மலையைச் சரணாலயமாக்கி, செக்போஸ்ட்டில் அணில் படம் போட்ட பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள். விறகுக்குப் பாஸ் கிடையாது. ஆடு மாடு ஏறக்கூடாது. அப்பா விடிவதற்கு முன்னால் போய் மரம் மரமாக அண்ணாந்து பார்த்து மலையணில் கூடுகளை எண்ணி நோட்டில் எழுதுகிறார். வேட்டைக்கு வந்த முதலாளியின் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, செத்த மிளா மானுக்குப் பக்கத்தில் சின்ன வயதில் நின்று எடுத்த போட்டோ உள் அறையில் மாட்டியிருந்ததே, புது ரேஞ்சர் வருகிறார் என்றதும் அதைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

கல் சுவரையும் காலி பண்ணிவிட்டார்கள். காலையில் மலையேறும் பெண்கள் ஆளுக்கொரு கல்லை நம் வாசல் சுவரில் வைத்துவிட்டுப் போவதும், இறங்கும்போது எடுத்துக்கொள்வதும் ரேஞ்சருக்குப் பிடிக்கவில்லை. "இது என்னய்யா, கோயிலா?" என்று கேட்டார். அப்பா, "இல்ல சார், பொழுது சாயும்போது கல்லு மிச்சம் இருந்தா ஆளு மேல இருக்குன்னு அர்த்தம்" என்றார். "மேல ஆளே இருக்கக் கூடாதுங்கறேன், நீர் கணக்கு வைக்கிறீரா?" என்று சொல்லி மெமோ கொடுத்துவிட்டார். இனி ஒரு கல் சுவரில் இருந்தாலும் சஸ்பெண்டாம்.

அப்பா எல்லாக் கல்லையும் எடுத்துப் புளியமரத்தடியில் கொட்டினார். ஆனால் நாலைந்து பேர் இன்னும் இருட்டோடு வந்து, அதில் தங்கள் கல்லைத் தேடி எடுத்துச் சுவரில் வைத்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். அப்பா அந்த நேரம் பார்த்துப் பல் விளக்கக் கிணற்றடிக்குப் போய்விடுவார். சாயங்காலம் மட்டும் சுவரில் டார்ச் அடித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் வருவதில்லை.

கல் மிச்சம் இருந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கிறதா? தூக்குச்சட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறுவார். தெருவே சுவரடியில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வழியிலிருந்தே, "கல்ல எடுத்துக்கிடுங்க!" என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நீயும் நானும் சாப்பிடுவோம்.

விளக்கில் எண்ணெய் குறைகிறது. உடனே பதில் போடு.

உன் தங்கை,
சண்முகத்தாய்


ராஜபாளையம்,
20.2.1989

என் தங்கச்சி சண்முகத்துக்கு,

உன் கடிதத்தை வெட்டியாகக் கிடந்த தறி மேல் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். அடுப்பில் போட மனசு வரவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இங்கே கர்த்தர் கிருபையால் எல்லாரும் சுகம் என்று அத்தை எழுதச் சொன்னார்கள். எனக்கும் சுகம்தான். உனக்கு மட்டும் ஒரு சேதி: ஆகஸ்டில் நீ சித்தி ஆகப் போகிறாய். அத்தானுக்கு மில்லில் இந்த வாரம் இரவு ஷிப்ட். நான் வீட்டிலேயே பேண்டேஜ் துணி மடித்துக் கொடுக்கிறேன். மூக்கெல்லாம் பஞ்சு.

அப்பா இருமலுக்குச் சுக்கு தட்டிப் போடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே. குழந்தை பிறந்தால் எடுத்துக்கொண்டு வந்து அந்தச் சுவரடியில் நிற்கலாம் என்று இருக்கிறேன். விரட்டினால் விரட்டட்டும்.

சஸ்பெண்ட் என்று எழுதியிருந்தது பயமாக இருக்கிறது. இந்த வேலை போனால் அப்பா என்ன செய்வார்? மலையை விட்டு நாலு நாள் இருந்தால் காய்ச்சல் வருகிற ஆள் அவர். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீனியம்மாக்காவைக் கேட்டதாகச் சொல். பரீட்சைக்குப் படி.

இப்படிக்கு,
ரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.3.1989

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இல்லை. இதையும் யாரிடமும் காட்டாதே.

திங்கட்கிழமை காலை அப்பா ஐந்து மணிக்கே கூடு எண்ணப் போய்விட்டார். நான் ஏழரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சுவரில் ஒரே ஒரு கல் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் தட்டையான கறுப்புக் கல், மேலே மூன்று சுண்ணாம்புப் பொட்டு. சீனியம்மாவுடையது. வன்னியம்பட்டிப் பக்கத்தில் நாலு பேர் மீது கேஸ் போட்டதிலிருந்து மற்றவர்கள் பயந்து நின்றுவிட்டார்கள். சீனியம்மா மட்டும் தனியாக ஏறியிருக்கிறார்கள்.

அப்போது ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. ரேஞ்சர்.

எனக்கு மெமோதான் ஞாபகம் வந்தது. நீ எழுதியதும் ஞாபகம் வந்தது. கல்லை எடுத்துப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வந்து பழையபடி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். சத்தியமாக.

சாயங்காலம் வந்தால் ரேஞ்சர் அந்தச் சுவர் மேலேயே உட்கார்ந்து அப்பாவின் அணில் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். பை தோளில் கனத்தது. ஜீப் போகும்போது மணி எட்டு. உடனே அப்பா டார்ச்சை எடுத்துச் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடித்துப் பார்த்தார். "எல்லாம் எறங்கியாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை அக்கா. ஏன் எடுத்தாய் என்று அடிப்பார் என்று நினைத்தேன். சீனியம்மா இறங்கிப் போயிருப்பார்கள், கல்லைத் தேடிவிட்டுச் சும்மா போயிருப்பார்கள் என்றும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வெள்ளத்தாய் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. புதன்கிழமை வந்தாள். அம்மா இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை என்றாள்.

நான் என்ன செய்யட்டும்? உடனே எழுது.

சண்முகத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
15.3.1989

அக்கா,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் கடிதம் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் எழுதுகிறேன்.

வெள்ளத்தாயின் அப்பா சுயம்புலிங்கம் இங்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவருக்கும் சீனியம்மாவுக்கும் சண்டையாம். சேத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொன்னார்களாம். அங்கே போய்ப் பார்த்தால் இல்லை.

"மலைக்கு ஏறிருப்பாளோன்னு தெருவுல சொல்லுதாக. ஆளு சேத்துட்டுப் போயித் தேடணும்ங்காக. அதான் ஒங்களக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணே" என்றார்.

அப்பா, "திங்கக்கெழம சொவரு காலி சுயம்பு. நானே லைட் அடிச்சுப் பாத்தேன். அவ ஏறல" என்றார்.

சுயம்புலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னாச் சரிண்ணே. ஒங்க கணக்கு என்னைக்குத் தப்பிருக்கு? ஆளுகள நிறுத்திப்புடுதேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கல் அரிசி டின்னுக்குள் இருந்தது. ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. காலை முறித்துக்கொண்டு நான்கு நாள் வெறும் ஓடைத் தண்ணீரைக் குடித்துக் கிடந்த ஆளை அப்பா ஒரு தடவை தூக்கி வரவில்லையா? அது நினைவுக்கு வந்தது. அப்படியும் நான் வெளியே வரவில்லை.

இப்போது தெருவில், கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டியில் போயிருப்பாள் என்கிறார்கள். வெள்ளத்தாய் நம்பவில்லை. "எங்கம்மா என்னைய விட்டுட்டுப் போகமாட்டாட்டி" என்கிறாள்.

அப்பாவிடம் சொல்லட்டுமா வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது போதும்.

சண்முகத்தாய்


ராஜபாளையம்,
28.3.1989

அன்புத் தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உடனே எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள். அத்தை சுகம். அத்தானுக்குப் பகல் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். இந்த வருஷம் வெயில் இப்போதே தாங்கவில்லை. உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? ஆண்டாள் கோயில் வாசலில் கொடி மல்லிகை கிடைக்குமா என்று அத்தை கேட்கிறார்கள். அவர்கள் கோயிலுக்குள் வரமாட்டார்கள், பூ மட்டும் ஆசை.

கணக்கில் கவனமாக இரு. போன வருஷமும் அதில்தான் குறைந்தாய்.

நீ எழுதிய விஷயத்தை இனிமேல் கடிதத்தில் எழுதாதே. இந்தக் கடிதங்கள் யார் வீட்டு வழியாக வருகின்றன என்று யோசித்தாயா? உறையை இனிக் கஞ்சிப் பசை போட்டு நன்றாக ஒட்டு. நானும் ஒட்டுகிறேன்.

ரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2.4.1989

அக்கா,

சுகமா? நீ ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று வெள்ளத்தாய் இடைவேளையில் கேட்டாள்: "ஏட்டி, ஒங்கப்பா பாக்கும்போது இருட்டு. நீ காலைல பாத்திருப்பேல்ல? எங்கம்மா கல்லு சொவத்துல இருந்துச்சா?"

இல்லை என்று சொன்னேன்.

அவள் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே, "அப்ப சரி, உசுரோட எங்கயோ இருக்கா" என்றாள். சொல்லிவிட்டுத் தன் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை எனக்குக் கொடுத்தாள்.

எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அரிசி டின்னுக்குள் கல் உருளுகிற சத்தம் கேட்கிறது. தேர்வு பத்தாம் தேதி ஆரம்பம். படிக்க முடியவில்லை. நான் சொல்லிவிடப் போகிறேன்.

சண்முகத்தாய்


ராஜபாளையம்,
19.4.1989

சண்முகம்,

நலம். நீ தேர்வை ஒழுங்காக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன். அவசரப்பட்டு யாரிடமும் எதையும் சொல்லிவிடாதே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீனியம்மாக்காவை நான் பார்த்தேன். போன வியாழக்கிழமை இங்கே பஸ் ஸ்டாண்டில், தென்காசி பஸ் ஏறும் இடத்தில். பச்சைச் சேலை கட்டியிருந்தார்கள். கையில் மஞ்சள் பை. நான் கூப்பிடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவர்கள்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. செங்கோட்டை வழியாகக் கேரளா பக்கம் போகிறார்கள் போலிருக்கிறது. புருஷன் மேல் கோபம் ஆறினால் வந்துவிடுவார்கள்.

ஆகவே நீ பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கல்லைக் கண்மாயில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

ரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
30.4.1989

என் அக்காவுக்கு ஆயிரம் முத்தம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குழந்தை நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அப்பாகூட, "என்ன இன்னைக்கு இம்புட்டுப் பசி" என்று சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

நீ யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். ஆனால் இதை எப்படிச் சொல்லாமல் இருப்பது? வெள்ளத்தாயிடம் சொல்லிவிட்டேன். எங்கள் அக்கா கண்ணால் பார்த்தாள் என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சுயம்புலிங்கம் மறுநாளே தென்காசிக்குக் கிளம்பிவிட்டார். அங்கிருந்து செங்கோட்டை, புனலூர் என்று எல்லா இடமும் விசாரித்துக்கொண்டு போவாராம். வெள்ளத்தாய் தம்பிகள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கிறாள். அம்மா வந்ததும் போட்டுக்கொள்ள என்று கண்ணாடி வளையல் எடுத்து வைத்திருக்கிறாள்.

கல்லை இன்னும் கண்மாயில் போடவில்லை. அவர்கள் வந்ததும் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

குழந்தை அசைகிறதா? எழுது.

உன் சண்முகம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
21.5.1989

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய்தானே? குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தேனே.

சுயம்புலிங்கம் பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். புனலூர் தாண்டி மூன்று எஸ்டேட்டில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு இடத்தில் திருடன் என்று அடித்திருக்கிறார்கள். யாரும் பார்க்கவில்லை.

வெள்ளத்தாய் நேற்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஒங்கக்கா பச்சைச் சேலன்னு சொன்னாளா? எங்கம்மாட்ட இருக்கது மூணு சேல. மூணும் எனக்குத் தெரியும். பச்ச கெடையாது. அன்னைக்கி விடியக்காலைல எங்கப்பா முழுக்கைச் சட்டையையும் காணோம்" என்றாள்.

மலைக்குப் போகும்போதுதானே அக்கா, முள் கிழிக்காமல் இருக்கச் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவார்கள். சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறவர்கள் ஏன் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும்?

புதிதாக வாங்கிய சேலையாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

நீ பார்த்தது அவர்கள்தானா? எந்தக் கண்ணால் பார்த்தாய், எவ்வளவு தூரத்தில் நின்றாய், எல்லாம் எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்கு அணில் கணக்கு நன்றாக எழுதியதற்காக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு, கவிழ்த்து வைத்த போட்டோவுக்கு அடியில் வைத்துவிட்டார்.

சண்முகத்தாய்


ராஜபாளையம்,
10.6.1989

சண்முகம்,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை.

நான் சீனியம்மாக்காவைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கே போகவில்லை. நீ சொல்லிவிடப் போகிறேன் என்று எழுதியது கிடைத்தபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். நீ சொன்னால் அப்பா வேலை போகும், உன் மீது பழி வரும், அந்த வீட்டுச் சுவரடியில் நான் நிற்கவே முடியாமல் போகும் என்று நினைத்தேன். நீ ஒரு ராத்திரியாவது தூங்கட்டும் என்றும் நினைத்தேன். அத்தை அன்றைக்குப் பச்சைச் சேலை கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

அந்த மனிதர் பதினாறு நாள் அலைவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ மார்ச்சில் எழுதியபோதே நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்பா காய்ச்சலில் கிடந்த நாட்களில் அந்தச் சுவரை நானும் காவல் காத்தவள்தானே. கல் இல்லாவிட்டால் தேடப் போகமாட்டார்கள் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடி மல்லிகையைப் பற்றி எழுதினேன்.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். தொட்டில் கட்ட வாங்கிய கொக்கியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அப்பாவிடம் சொல்லிவிடு. உன்னால் முடியாவிட்டால் கல்லை மட்டும் சுவரில் வை. அவருக்குப் புரியும்.

ரத்தினம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
18.6.1989, ராத்திரி

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். கொக்கியைப் பற்றிப் படித்தேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கும் தகுதி இல்லை.

உன் கடிதம் எனக்கு இன்றைக்குத்தான் கிடைத்தது. உறை பிரித்திருந்தது. நாலு நாளாக வெள்ளத்தாயிடம் இருந்திருக்கிறது. பச்சைச் சேலையைப் பற்றி நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்கப் பிரித்தாளாம்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வந்தாள். நான் முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கடிதத்தை என் மடியில் போட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "கல்லு எங்கட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

அரிசி டின்னுக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்தேன். ஒரு பொட்டு அழிந்திருந்தது. தாவணி முனையால் அரிசித் தூசியைத் துடைத்தாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். "பேசாதட்டி. நீ இப்பம் பேசாத" என்றாள். எழுந்து போய்க் கல்லைச் சுவரில், அவள் அம்மா எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு மணிக்கு அப்பா நோட்டோடு இறங்கி வந்தார். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்கா, அவர் அந்தக் கல்லைப் பார்த்த மாதிரி நம் அம்மா செத்த அன்றுகூடப் பார்க்கவில்லை.

"எப்ப ஏறுனா?" என்றார்.

வெள்ளத்தாய், "மார்ச்சு ஆறாந்தேதி மாமா" என்றாள்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றேன். என் காலில் சாம்பல் ஒட்டியிருந்ததுகூட இப்போது நினைவு இருக்கிறது. "ஜீப் வந்துச்சுப்பா. நான்தான் எடுத்தேன்" என்று சொன்னேன். நூறு நாளாகச் சொல்ல முடியாமல் இருந்தது இரண்டே வார்த்தை.

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நோட்டைப் படியில் வைத்தார். "அவ எப்பவும் வழுக்குப்பாறைப் பக்கந்தான் போவா" என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னிடம், "தூக்குச்சட்டில தண்ணி ஊத்திக் குடு" என்றார்.

தண்ணீர் எதற்கப்பா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. ஊற்றிக் கொடுத்தேன். தளும்பாமல் மூடிக்கொண்டு ஏறினார்.

போகும்போது அவரைப் பார்த்து வெள்ளத்தாய், "எங்கப்பாவக் கூட்டியாரவா மாமா?" என்றாள். "வேண்டாம் தாயி. அவன்ட்ட நான்தான் பொய் சொன்னேன். நானே பாத்துட்டு வாரேன்" என்றார். பொய் சொன்னது நான் அக்கா. அவர் பார்த்ததைத்தான் சொன்னார்.

இப்போது மணி பன்னிரண்டு இருக்கும். வெள்ளத்தாய் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். மழைத் தூறல் விழுந்ததால் கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, நிலைப்படிக்கு உள்பக்கம், கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடச் சொன்னேன். சத்தம் கேட்கட்டும் என்றாள். விளக்கைப் பானைக்குப் பின்னால் மறைக்காமல் நடுவீட்டில் வைத்து எழுதுகிறேன். யாருக்கு எழுதுகிறாய் என்று அவள் கேட்கவில்லை.

விடிந்ததும் இதை நானே பெட்டியில் போடுவேன். இனி இந்த வீட்டு விலாசத்துக்கே எழுது.

ஜன்னல் வழியாகத் தெரிகிறது. டார்ச் வெளிச்சம் ஓடைத் திருப்பத்தில் இறங்கிவிட்டது. மெதுவாக வருகிறது. நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தத் திருப்பத்திலிருந்துதான் கத்துவார். வெள்ளத்தாய்க்கும் அது தெரியும். தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

திருப்பம் தாண்டிவிட்டார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இருமல் சத்தம் மட்டும் கேட்கிறது. புளியமரத்தடிக்கு வந்துவிட்டார். தோளில் துண்டில் சுற்றி எதையோ, சின்னக் கட்டுத்தான், டார்ச்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூக்குச்சட்டி இன்னும் மூடியபடியே முழங்கையில் தொங்குகிறது, கத்துவார் அக்கா, வாசலுக்கு வந்தாவது சொல்லுவார், வெள்ளத்தாய் எழுந்துவிட்டாள், கதவைத் தட்டுகி